எல்லைப்புற நகரம்: அவ்தகுஸ்த் பற்றி ஏடு சொன்னதும் மண் சொன்னதும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பெற்று, சந்தா பாக்கி குறித்த வழக்கமான விவாதமும் முடிந்த பின்னர் பேச வருபவருக்கு ஒரு சங்கடம் உண்டு. கேட்போரின் கண்கள் பந்திப் பாயின் பக்கம் திரும்பியிருக்கும். ஆயினும் செயலாளர் அவர்கள் வரலாறு பற்றியே பேச வேண்டுமென்று பணித்துவிட்டார்கள். வரலாறு என்றதும் பக்தாதும் குர்துபாவும் நம் நினைவுக்கு வருகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் மணற்காட்டில் புதைந்து கிடக்கும் ஒரு நகரம் எவர் நினைவுக்கும் வருவதில்லை. அந்நகரத்தின் பெயர் அவ்தகுஸ்த். கானா என்னும் பெரும் பேரரசின் வட எல்லையில் இருந்த வணிக நகரம் அது.

முதலில் ஒரு தெளிவு. இன்று கானா என்று நாம் அழைக்கும் நாடு 1957-இல் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றபோது அப்பழம்பெயரைச் சூட்டிக்கொண்டது. பழைய கானா இருந்த இடமோ அதற்கு வடமேற்கே வெகு தொலைவில், இன்றைய மவுரித்தானியாவின் தென்பகுதியும் மாலியின் மேற்குப்பகுதியும் சேர்ந்த நிலம். சோனின்கே இனத்தவர் அதனை ஆண்டார்கள். அரசரும் குடிகளில் பெரும்பாலோரும் தம் முன்னோரின் சமயத்தையே பின்பற்றினார்கள். ஆனால் அரசரின் மொழிபெயர்ப்பாளர்களும், கருவூலப் பொறுப்பாளரும், அமைச்சர்களில் பெரும்பாலோரும் முஸ்லிம்கள் என்று குர்துபாவில் வாழ்ந்த அறிஞர் அபூ உபைத் அல்-பக்ரீ கி.பி. 1068-இல் எழுதி வைத்தார்கள்.

அல்-பக்ரீயின் நூலிலிருந்து மேலும் சில செய்திகளைக் கேளுங்கள். கானாவின் தலைநகர் இரண்டு ஊர்களாக இருந்தது. ஓர் ஊர் அரசருடையது, மற்றொன்று முஸ்லிம்களுடையது. இரண்டுக்கும் இடையே 6 மைல். முஸ்லிம்களின் ஊரில் 12 பள்ளிவாசல்கள், அவற்றுக்கு இமாம்கள், முஅத்தின்கள், மார்க்கச் சட்ட அறிஞர்கள் எல்லாரும் இருந்தனர். அரசவையைக் காண வரும் முஸ்லிம்கள் தொழுவதற்காக அரசரின் ஊரிலேயே ஒரு பள்ளிவாசல் இருந்தது. உப்பு ஏற்றிய கழுதை ஒன்று நாட்டுக்குள் நுழைந்தால் ஒரு பொன் தீனார் வரி, அதே உப்பு வெளியே சென்றால் இரண்டு தீனார். செம்புச் சுமைக்கு 5 மிஸ்கால், ஏனைய சரக்குச் சுமைக்கு 10 மிஸ்கால். தங்கத்தூள் குடிகளுக்கு, தங்கக் கட்டியோ அரசருக்கு.

எல்லை என்ற சொல்லை நாம் இன்றைய பொருளில் கொள்ளக்கூடாது. முள்வேலியும் சோதனைச் சாவடியும் கொண்ட கோடாக அன்று எல்லை இருக்கவில்லை. நல்ல நீர்க்கிணறு எங்கே இருக்கிறதோ, ஒட்டகம் எங்கே சுமை இறக்குகிறதோ, வரி வாங்கும் ஆள் எங்கே அமர்ந்திருக்கிறாரோ, அதுவே எல்லை. ஸஹாராவின் வடகரையில் ஸிஜில்மாஸா என்னும் மொரோக்கோ நகரம். அங்கிருந்து புறப்படும் வணிகக் கூட்டம் ஏறத்தாழ இரண்டு மாதம் மணலில் நடந்து தென்கரையில் முதலில் காணும் பெரும் ஊராக அவ்தகுஸ்த் இருந்தது.

இந்நகரைப் பற்றிய பழைய குறிப்பு யஅகூபீயின் நூலில் உள்ளது. அது கி.பி. 889-90-இல் எழுதி முடிக்கப்பட்டது. ஸன்ஹாஜா என்னும் பர்பரிக் குலத்தார் அப்போது நகரை ஆண்டனர். அடுத்த நூற்றாண்டில் இப்னு ஹவ்கல் என்னும் பயண அறிஞர் ஸிஜில்மாஸாவுக்கு வந்தார். அவர் எழுதியுள்ள ஒரு செய்தி நம்மூர் வணிகர்களுக்கு மிகவும் பிடிக்கும். அவ்தகுஸ்தில் வாழ்ந்த ஒரு வணிகர் 42,000 தீனார் கடன்பட்டிருப்பதாகச் சாட்சிகளோடு எழுதப்பட்ட பத்திரத்தைத் தாம் நேரில் கண்டதாகவும், கிழக்கு நாடுகளில் இதுபோன்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையென்றும் அவர் வியக்கிறார். அத்தகைய பத்திரத்துக்கு அரபியில் ‘ஸக்கு’ என்று பெயர். நாம் வங்கியில் கிழித்துக் கொடுக்கும் ‘செக்’ என்னும் சொல் அதிலிருந்தே பிறந்தது என்று கூறுவோர் உண்டு. சொல்லின் பிறப்பு எப்படியாயினும், இரண்டு மாதப் பாலைவனத்துக்கு அப்பால் இருந்த ஒருவரின் கையெழுத்தை நம்பி இத்தனை பெரிய தொகை புரண்டது என்பதே நாம் நின்று பார்க்க வேண்டிய செய்தி.

அல்-பக்ரீயின் எழுத்தில் அவ்தகுஸ்த் கண்முன் நிற்கிறது. மணற்பாங்கான நிலம், அருகே புல் பூண்டற்ற பெரிய மலை, ஒரு ஜுமுஆப் பள்ளியும் பல சிறு பள்ளிகளும், நன்னீர்க் கிணறுகள், பேரீச்சந் தோட்டங்கள். மண்வெட்டியால் கொத்தி, வாளியால் நீர் இறைத்துக் கோதுமை பயிரிட்டார்கள். செல்வர் வீட்டுக்கே அந்தக் கோதுமை, மற்றையோருக்குச் சோளம். வெள்ளரிக்காய் நன்றாக விளைந்தது. சில அத்தி மரங்கள், திராட்சைக் கொடிகள். மருதாணித் தோட்டங்கள் பெரும் விளைச்சல் தந்தன. சந்தையில் எப்போதும் கூட்டம். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் பேசுவது காதில் விழாத அளவுக்கு இரைச்சல். வெள்ளி நாணயமே கிடையாது, வாங்குவதும் விற்பதும் தங்கத்தால். கைரவான் பக்கத்திலிருந்து வந்தவர்கள், நபூஸா, ஸனாத்தா முதலிய பர்பரிக் குலத்தார் எனப் பல ஊர் மக்கள் அங்கே கலந்து வாழ்ந்தனர்.

இந்த வளத்தின் இருண்ட பக்கத்தையும் அதே ஆசிரியர் மறைக்கவில்லை. நாமும் மறைத்துவிட்டுப் போகக் கூடாது. அச்சந்தையில் மனிதர்களும் விலைக்கு விற்கப்பட்டனர். நன்றாகச் சமைக்கத் தெரிந்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு 100 மிஸ்காலும் அதற்கு மேலும் விலை இருந்தது என்று எழுதுகிறார். ஒரே செல்வரிடம் ஆயிரமும் அதற்கு மேலும் அடிமைகள் இருந்ததாகவும் கூறுகிறார். கிணற்றில் நீர் இறைத்ததும் கோதுமைப் பாத்தி கொத்தியதும் யாருடைய கைகள் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். ‘பொற்காலம்’ என்ற சொல்லை வரலாற்றுக் கூட்டங்களில் நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். அந்தப் பெண்கள் எழுதி வைத்த வரலாறு நம் கைக்கு வந்திருக்குமானால் அச்சொல்லைச் சற்று யோசித்தே பயன்படுத்துவோம்.

இனி ஏட்டை மூடிவிட்டு மண்ணுக்கு வருவோம். தென் மவுரித்தானியாவில் தாம்ஷகெத் என்னும் சிற்றூருக்கு வடக்கே பாறை மலைகளின் அடிவாரத்தில் ஒரு பெரிய மேடு இருக்கிறது. அவ்விடத்தின் பெயர் தெக்தாவுஸ்த். பெயரிலேயே பழைய ஒலி எஞ்சியிருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். சுமார் 12 ஹெக்டேர் பரப்பு, நம் கணக்கில் ஏறத்தாழ 30 ஏக்கர். இம்மேடுதான் அவ்தகுஸ்த் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 1960 முதல் 1976 வரை பிரெஞ்சு ஆய்வாளர்கள் அங்கே பருவந்தோறும் தோண்டினார்கள். ஜான் தெவிஸ், தெனிஸ் ரொபேர், செர்ஜ் ரொபேர் ஆகியோர் முதன்மையானவர்கள். ஆய்வின் முடிவுகள் 1970 முதல் பெரிய தொகுதிகளாக வெளிவந்தன.

மேடு எப்படி உண்டாகிறது என்பதை இளைஞர்களுக்காகச் சொல்லிவிடுவோம். பச்சைச் செங்கல்லால் கட்டிய வீடு இடிந்தால் எவரும் மண்ணை அள்ளி வெளியே கொட்டுவதில்லை. அதையே மிதித்துச் சமப்படுத்தி மேலே புதுவீடு கட்டுவார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தரை உயர்கிறது. ஆகவே கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. இடையில் எலியோ குழி வெட்டிய மனிதனோ கலைத்திருந்தால் அதையும் மண்ணின் நிறத்தைக் கொண்டே கண்டுகொள்வார்கள். ஆய்வாளர் ஒவ்வோர் அடுக்காகச் சுரண்டி எடுத்து, எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்று குறித்துவைப்பார். இந்தக் குறிப்பு இல்லையேல் தங்கமே கிடைத்தாலும் வரலாற்றுக்குப் பயனில்லை. அடுப்பில் எஞ்சிய கரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். உயிர் நின்ற நாள் முதல் மரத்திலுள்ள ஒருவகைக் கார்பன் கணக்காகக் குறைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டில் பாதியாகிவிடும். எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளந்தால் மரம் வெட்டிய காலம் தோராயமாகத் தெரியும். தோராயமாகத்தான். ஐம்பது, நூறு ஆண்டு முன்பின் ஆகலாம். இந்த எச்சரிக்கை பின்னால் நமக்குத் தேவைப்படும்.

தெக்தாவுஸ்தின் அடி அடுக்குகள் 7 முதல் 9-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. பச்சைச் செங்கல் கட்டடங்கள் 9-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்தன. 11-ஆம் நூற்றாண்டில் கல் வீடுகளும் வந்தன. முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த வீடுகள் அவை. நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய நம் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வரைபடம் அந்நியமாகத் தோன்றாது. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மெருகிட்ட மண்பாண்டங்கள், எண்ணெய் விளக்குகள், கண்ணாடிப் பாத்திரத் துண்டுகள் கிடைத்தன. தங்கக் கட்டிகளும் கிடைத்தன. தங்கத்தை எடைபோடும் கண்ணாடி எடைக்கற்களும் கிடைத்தன. செம்பையும் பித்தளையையும் உருக்கிய மண் மூசைகளும் அச்சுகளும் கைவினைஞர் தெருவில் குவிந்து கிடந்தன. ஆகவே வடக்கிலிருந்து தெற்குக்குச் சரக்கு கைமாறும் இடமாக மட்டும் இந்நகர் இருக்கவில்லை. சரக்கைச் செய்து விற்ற ஊராகவும் இருந்தது. அல்-பக்ரீயின் கண் சந்தையில் நின்றுவிட்டது. பட்டறைக்குள் நம்மை அழைத்துச் சென்றது அகழ்வாரின் கரண்டிதான்.

இவ்வழியில் சென்ற சரக்கு எவ்வளவு என்பதற்கு மணலே ஒரு சாட்சியைப் பாதுகாத்து வைத்திருந்தது. 1964-இல் தியோடர் மோனோ என்னும் பிரெஞ்சு அறிஞர் மவுரித்தானியப் பாலைவனத்தின் ஆளரவமற்ற நடுப்பகுதியில், மஅதின் இஜாபன் என்னுமிடத்தில், ஒரு மணல்மேட்டுக்கடியில் புதைத்து வைத்த வணிகச் சுமையைக் கண்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பித்தளைக் கம்பிகள், கட்டுக்கட்டாக, ஏறத்தாழ ஒரு டன் எடை. சுமார் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒட்டகங்கள் மடிந்தனவோ, கொள்ளையர் துரத்தினரோ, பின்னர் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று புதைத்தவர்கள் வரவேயில்லை. அக்கம்பிகளோடு சோழிகளும் இருந்தன.

அந்தச் சோழியில்தான் நம் கடலின் வாசனை வீசுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் சில்லறைக் காசாகப் புழங்கிய அந்தச் சிறு வெண்சோழி அட்லாண்டிக் கரையில் விளைவதன்று, இந்தியப் பெருங்கடலில் விளைவது. அதன் பெரும் விளைநிலம் மாலத்தீவு. இதற்குக் கண்கண்ட சாட்சி இப்னு பதூதா அவர்கள். அன்னார் மாலத்தீவில் காஜியாக இருந்தார்கள். இலங்கை சென்று, கப்பல் விபத்தில் சிக்கி நம் சோழமண்டலக் கரையில் இறங்கி, மதுரை சுல்தான் கியாதுத்தீனின் விருந்தினராக இருந்ததும் 1344-ஐ ஒட்டியே. பின்னர் 1352-இல் ஸஹாராவைக் கடந்து, கானாவுக்குப் பின் எழுந்த மாலிப் பேரரசுக்கும் சென்றார்கள். மாலத்தீவில் ஒரு பொன் தீனாருக்கு 4 லட்சம் சோழி, மலிந்த காலத்தில் 12 லட்சம் வரை. மாலியிலோ ஒரு தீனாருக்கு 1,150 சோழிதான் என்று இரண்டையும் நேரில் கண்டு எழுதினார்கள். அவ்விலை வேறுபாட்டுக்குள் எத்தனை கப்பல், எத்தனை ஒட்டகம், எத்தனை துறைமுக வரி அடங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மாலி மக்களைப் பற்றி அவர்கள் எழுதியவற்றில் இன்னொன்று. ஜும்ஆ நாளில் சீக்கிரம் செல்லாவிட்டால் பள்ளிவாசலில் இடம் கிடைக்காதாம். ஆகவே ஒவ்வொருவரும் தம் பணியாளனிடம் பாயைக் கொடுத்து முன்கூட்டியே அனுப்பி இடம் பிடித்து வைப்பார்களாம். நம்மூரில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கும் வழக்கத்துக்கு இத்தனை பெரிய முன்மாதிரி இருப்பது தெரிந்தால் சிலர் மகிழக்கூடும்.

இப்போது இவ்வுரையின் கடினமான பகுதிக்கு வருகிறோம். அவ்தகுஸ்த் காலப்போக்கில் கானா அரசரின் மேலாட்சியை ஏற்றது. முஸ்லிம் நகரம், முஸ்லிம் அல்லாத பேரரசரின் கீழ் நிம்மதியாக வணிகம் செய்தது. அச்சமயம் ஸஹாராவின் ஸன்ஹாஜாக் குலத்தாரிடையே ஒரு சீர்திருத்த இயக்கம் எழுந்தது. மாலிக்கீ மத்ஹபின் அறிஞரான அப்துல்லாஹ் இப்னு யாஸீன் அதன் தலைவர். முராபிதூன் என்று வரலாறு அவர்களை அழைக்கிறது. ஹிஜ்ரி 446-இல், அதாவது கி.பி. 1054-55-இல், அவர்கள் அவ்தகுஸ்தைத் தாக்கிக் கைப்பற்றினார்கள். ஊரிலிருந்த பொருள் அனைத்தும் கொள்ளைப்பொருளாக அறிவிக்கப்பட்டது. பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். கைரவானைச் சேர்ந்த, குர்ஆன் ஓதுவதிலும் நற்குணத்திலும் பெயர் பெற்ற, ஹஜ்ஜும் முடித்த ஒரு மனிதரைக் கொன்றார்கள். இவையனைத்தையும் எழுதியவர் அல்-பக்ரீ. காரணத்தையும் அவரே கூறுகிறார்: அவ்வூரார் கானா அரசரின் ஆட்சியை ஏற்றிருந்தார்கள் என்பதே அது.

நம் மேடைகளில் முராபிதூன்களைப் பற்றிப் பேசும்போது யூசுஃப் இப்னு தாஷ்ஃபீனும் 1086-ஆம் ஆண்டு ஸல்லாக்காப் போர் வெற்றியுமே பேசப்படுகின்றன. அவையும் வரலாறுதான். ஆனால் அவ்தகுஸ்தின் ஹாஜி ஒருவர் அதே இயக்கத்தின் வாளுக்கு இரையானதும் வரலாறுதான். முன்னதைச் சொல்லிப் பின்னதை விடுவது நேர்மையாகாது என்பது நம் கருத்து. எழுதியவர் வெளியாளும் அல்லர், பிற்காலத்தவரும் அல்லர். நிகழ்ச்சி நடந்து 13, 14 ஆண்டுகளுக்குள் எழுதிய முஸ்லிம் அறிஞர்.

ஆனால் ஏட்டை அப்படியே ஏற்பதற்கும் முன்னர் ஒரு கேள்வி உண்டு. அல்-பக்ரீ ஸ்பெயினை விட்டு வெளியே சென்றவரல்லர். வணிகர்களிடம் கேட்டும், தமக்கு முன் 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முஹம்மது இப்னு யூசுஃப் அல்-வர்ராக் என்பவரின் நூலைப் பார்த்தும் எழுதினார். ஆகவே இரைச்சல் மிகுந்த அந்தச் சந்தை, வெள்ளரிக்காய், மருதாணித் தோட்டம் எல்லாம் நூறாண்டுக்கு முந்தைய படமாக இருக்கக்கூடும். தாக்குதல் பற்றிய செய்தியோ புதிது. இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் படிக்கும் நமக்கு, செழித்திருந்த நகரம் ஒரே நாளில் அழிந்தது போன்ற தோற்றம் உண்டாகிவிடுகிறது.

மண்ணின் கணக்கு வேறாக இருக்கிறது. தாக்குதலுக்குப் பின்னும் நூறாண்டுக்கு மேல் அந்நகரில் மக்கள் வாழ்ந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஒரு பகுதி கைவிடப்பட்டது. 15-ஆம் நூற்றாண்டுக்குள் முழுவதும் வெறிச்சோடியது. 17-ஆம் நூற்றாண்டில் சிலர் மீண்டும் வந்து சிறிது காலம் குடியிருந்தனர். 1154-இல் அல்-இத்ரீஸீ எழுதும்போது, அவ்தகுஸ்த் பாலைவனத்தில் நீர் குறைந்த சிற்றூர், பெரிய வணிகம் இல்லை, ஒட்டகமே மக்களின் பிழைப்பு என்கிறார். ஆக, கொலையும் கொள்ளையும் பொய்யல்ல. ஆனால் ஊரைக் கொன்றது வாள் ஒன்று மட்டுமல்ல. கிணற்று நீர் இறங்கியதும், வணிகப்பாதை கிழக்கே வலாத்தா நகருக்கு நகர்ந்ததும் சேர்ந்து மெல்ல மெல்லச் செய்த வேலை அது. 1352-இல் இப்னு பதூதா பாலைவனத்தைத் தாண்டி முதலில் இறங்கிய ஊர் வலாத்தாதான், அவ்தகுஸ்த் அன்று.

இதே கேள்வி கானாவின் தலைநகரைக் குறித்தும் எழுந்தது. 1076-இல் முராபிதூன்கள் கானாவை வென்று அழித்தார்கள் என்று பாடநூல்கள் நீண்டகாலம் கூறிவந்தன. டேவிட் கான்ராட், ஹம்ஃப்ரி ஃபிஷர் என்னும் இருவர் 1982, 1983-ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் அரபு ஏடுகளையும் வாய்மொழி மரபுகளையும் ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, அப்படியொரு படையெடுப்புக்குச் சமகாலச் சான்றே இல்லை என்று வாதிட்டனர். விவாதம் அதோடு ஓயவில்லை. சிலர் மறுத்தும் எழுதினர். தலைநகர் எனக் கருதப்படும் கும்பி ஸாலிஹ், இன்றைய மவுரித்தானியாவின் தென்கிழக்கில், மாலி எல்லையை ஒட்டி இருக்கிறது. 1914-இல் போனல் தெ மெஸியேர் அதனை முதலில் தோண்டினார். 1949 முதல் 1951 வரை தொமாஸேயும் ரேமோன் மோனியும், 1975-க்குப் பின் செர்ஜ் ரொபேரும் ஸோஃபி பெர்த்தியேயும் தொடர்ந்தனர். பள்ளிவாசலுக்கு அருகிலிருந்த வீடு ஒன்றின் கரி 9-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 14-ஆம் நூற்றாண்டு வரை காலம் காட்டியது. 1076-இல் அழிந்த ஊருக்கு அதற்குப் பின்னும் இருநூறு ஆண்டு அடுப்பு எரிந்திருக்க முடியாதல்லவா? முன்பின் நூறாண்டு தள்ளினாலும் இந்த வாதம் நிற்கிறது. 1154-இல் அல்-இத்ரீஸீ கானாவை முஸ்லிம் அரசர் ஆளும் செழிப்பான நகரமாகவே வருணிக்கிறார்.

கும்பி ஸாலிஹின் பள்ளிவாசலைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். நம் பள்ளியின் விரிவாக்கப் பணிக்காக அளவு நாடா பிடித்தவர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். நகரின் பெருவீதியின் மேல் நடுநாயகமாக அமைந்த அந்தப் பள்ளி கிழக்கு மேற்காக ஏறத்தாழ 46 மீட்டர், வடக்கு தெற்காக 23 மீட்டர். மேற்குப் பகுதி பெரும்பாலும் கூரையில்லாத திறந்த முற்றமாக இருந்திருக்கலாம். மிஹ்ராப் நேர் கிழக்கே நோக்குகிறது. நாம் மேற்கு நோக்கித் தொழுகிறோம், அவர்கள் கிழக்கு நோக்கித் தொழுதார்கள். நடுவில் கஅபா. இன்றைய கருவிகளைக் கொண்டு அளந்தால் அங்கிருந்து கிப்லா நேர் கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 15 பாகை சாய்ந்திருக்க வேண்டும். கிப்லாத் திசைக்காக நம்மூர்களில் எழுந்த சச்சரவுகளை நினைக்கும்போது, அந்த 15 பாகைக்காகக் கும்பியில் எவரும் தனி ஜமாஅத் பிரித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. குர்ஆன் வசனங்கள் எழுதிய கற்பலகைகள் அவ்வூரில் கிடைத்துள்ளன. ஊருக்கு வெளியே இரண்டு பெரிய கபர்ஸ்தான்கள் இருக்கின்றன. 15,000 முதல் 20,000 பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்பது மோனியின் மதிப்பீடு. அரசரின் ஊரோ இதுவரை எவர் கண்ணிலும் படவில்லை.

கபர்ஸ்தான் என்றதும் இன்னோர் எல்லைப்புற ஊரைச் சொல்லாமல் விட முடியவில்லை. மாலியின் வடகிழக்கில் எஸ்ஸூக் என்னும் இடத்தில் தத்மக்கா என்ற பழைய நகரின் இடிபாடுகள் உள்ளன. உலகில் மக்காவுக்கு இவ்வளவு ஒத்த ஊர் வேறில்லை என்று அல்-பக்ரீ எழுதிய ஊர் அது. அங்குள்ள பாறைகளிலும் மீஸான் கற்களிலும் பொறித்த அரபு எழுத்துக்களைப் படியெடுத்து பவுலோ தெ மொராயஸ் ஃபாரியாஸ் 2003-இல் நூலாக்கினார். அவற்றுள் ஒன்று ஹிஜ்ரி 404, அதாவது கி.பி. 1013-14 என்று ஆண்டு தாங்கியது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆண்டு குறித்த கல்வெட்டுகளில் மிகப் பழையனவற்றுள் ஒன்று. 2005-இல் சாம் நிக்ஸன் என்னும் ஆய்வாளர் அங்கே தோண்டியபோது தங்கத்தைத் தூய்மையாக்கி உருக்கி வார்த்த அச்சுகள் கிடைத்தன. தத்மக்காவின் தீனார்கள் முத்திரையற்ற ‘மொட்டை’ நாணயங்கள், கலப்பற்ற தங்கம் என்று அல்-பக்ரீ எழுதியிருந்தார். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின் ஏடும் மண்ணும் ஒரே வார்த்தையைப் பேசிய தருணம் அது. ஆனால் 2012-இல் வடமாலியில் மூண்ட போர் அப்பகுதியில் ஆய்வாளர்கள் கால்வைக்க முடியாத நிலையை உண்டாக்கியது. அதே ஆண்டில் திம்புக்துவின் பழைய கபர்களும் உடைக்கப்பட்டன. ஒரு கபரின் மேல் கட்டடம் இருக்கலாமா என்பது மார்க்க அறிஞர்கள் பேச வேண்டிய விஷயம். கல்லில் எழுதிய ஆண்டும் பெயரும் உடைந்துபோனால் அந்த விவாதத்தில் எவர் வென்றாலும் அவை திரும்பி வருவதில்லை.

நம் கபர்ஸ்தானில் மேற்குச் சுவரை ஒட்டிக் கிடக்கும் பழைய மீஸான் கற்களை இவ்வாண்டு சுவர் புதுப்பிக்கும்போது எங்கே வைப்பது என்று நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்தது. அஸ்திவாரத்துக்குப் போடலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் ஒரு படம் எடுத்து, எந்த இடத்தில் எந்தத் திசை நோக்கிக் கிடந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு இளைஞர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

தெக்தாவுஸ்த் மேட்டில் தோண்டப்பட்டது ஒரு பகுதிதான். பெரும்பகுதி மணலுக்கடியிலேயே இருக்கிறது. தோண்டிய வீடுகளின் சுவர்கள் காற்றிலும் எப்போதாவது பெய்யும் பெருமழையிலும் கரைகின்றன. மேலே எதுவும் கட்டாமலும் மண் மூடாமலும் விட்ட எந்தப் பச்சைச் செங்கல் சுவருக்கும் நேர்வது அது. ஆய்வாளர்கள் பலர் தோண்டிய குழியை மீண்டும் மணலால் மூடிவிட்டுச் செல்வதற்குக் காரணம் இதுவே. மவுரித்தானிய அரசு 2001-இல் தெக்தாவுஸ்தையும் கும்பி ஸாலிஹையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான முன்மொழிவுப் பட்டியலில் சேர்த்தது. அவ்தகுஸ்துக்குப் பின் செழித்த வலாத்தா 1996-லேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டுவிட்டது.